நாத்தனாரும் நாப்பத்தோராவது கண்ணாடியும்

எங்க வீட்டுல ஒரு கண்ணாடி டம்ளர் கீழ விழுந்தா, மத்த வீட்டுல நடக்கிற எதுவும் நடக்காது. யாரும் துடைப்பத்தைத் தேட மாட்டாங்க. முன் ரூம்லேர்ந்து ஒரு சத்தம் வரும்: "பெருக்காதீங்க! யாரும் பெருக்காதீங்க! எங்க ஆரம்பிச்சதுன்னு பார்க்கணும்!"

அது என் நாத்தனார். என் வீட்டுக்காரரோட ஒரே தங்கச்சி, முப்பத்தொரு வயசு. வீட்டுல இன்னும் குட்டின்னுதான் கூப்பிடுறோம். எனக்குக் கோபம் வந்தா மட்டும் டாக்டரம்மா. ஆறு வருஷமா டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறா, இன்னும் வாங்கின பாடில்லை. என்ன படிப்புன்னு கேட்டீங்கன்னா, கண்ணாடி உடையறப்போ விரிசல் எவ்வளவு வேகமா ஓடுது, எந்த இடத்துல ரெண்டாப் பிரியுதுன்னு கண்டுபிடிக்கிற படிப்பு. இதுக்கெல்லாமா ஒரு பட்டம்னு நானும் ஒரு நாள் கேட்டேன். அன்னிக்கு ரெண்டு மணி நேரம் விளக்கம் சொன்னா. அதுக்கப்புறம் நான் கேக்கறதே இல்லை.

டம்ளர் விழுந்துச்சுன்னா, டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கிட்டு வந்து தரையில தவழுவா. நாங்க அவங்கவங்க நின்ன இடத்துலயே ஒத்தைக் கால்ல நிக்கணும். ஒவ்வொரு சில்லாப் பொறுக்கி, சாப்பாட்டு மேஜை மேல வச்சு, டேப் ஒட்டி, உடைஞ்ச டம்ளரைத் திரும்ப முழு டம்ளர் ஆக்குவா. அது ஆகிற வரைக்கும் மேஜை அவளோடது. போன வருஷம் ஒரு பெரிய ஜாடி உடைஞ்சு, நானும் என் வீட்டுக்காரரும் பதினோரு நாள் தரையில உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, நான் கண்ணாடி வெட்டுறவ. மாடியில வீடு, கீழ எங்க கண்ணாடிக் கடை. அவர் வெளியில போய் அளவெடுத்து மாட்டிட்டு வருவார், வெட்டுறது நான். பதினாறு வருஷமா வெட்டுறேன். கட்டரால ஒரே இழுப்பா ஒரு கோடு கீறி, ரெண்டு பக்கமும் பிடிச்சு லேசா மடக்கினா, டிக்குனு ஒரு சத்தம், கோட்டு மேலேயே நேரா வந்துடும். என் பொழைப்பே விரிசலை நேரா ஓட வைக்கிறதுதான். அது கோணிச்சுன்னாலோ கிளை விட்டுச்சுன்னாலோ அந்தக் கண்ணாடி குப்பைக்குப் போகும். அவ பொழைப்புக்கோ அது கிளை விட்டாத்தான் சோறு. இப்படி ரெண்டு பேரு ஒரே வீட்டுல இருந்தா எப்படி ஒத்துப்போகும், நீங்களே சொல்லுங்க.

அவ லேப்ல உடைக்கிற கண்ணாடியெல்லாம் நான் வெட்டிக் குடுக்கிறதுதான். முழ நீளம் கூட இருக்காது, மூணு விரல் அகலம். நீளமான ஓரத்துல, சரியா நடுவுல, ரெண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு போட்டுக் குடுக்கணும். லேப்ல ஒரு மெஷின் கண்ணாடியை ரெண்டு முனையிலயும் கவ்விக்கிட்டு மெதுவா இழுக்கும். வெட்டு போட்ட இடத்துல விரிசல் பிறந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஓடும். அதைப் படம் எடுக்கணும், அவ்வளவுதான்.

"ஓரத்தை நான் தேய்ச்சுக் குடுக்கிறேன்டி. கை கிழிச்சிடும்"னு முதல் நாளே சொன்னேன். எங்க கடையிலேர்ந்து தேய்க்காத ஓரத்தோட ஒரு துண்டுக் கண்ணாடி வெளியில போனதில்லை.

"வேண்டாம் அண்ணி, வீண் வேலை. எப்படியும் வெட்டுலதானே உடையப் போகுது. நேரம்தான் போகும்."

சரி, படிச்சவ சொல்றாளேன்னு விட்டுட்டேன். அதுலேர்ந்து அவ பத்து விரல்லயும் ஏதாவது ஒரு விரல்ல பிளாஸ்திரி இருக்கும்.

உடைக்கிறது சுலபம், படம் எடுக்கிறதுதான் கஷ்டம். அந்த விரிசல் வினாடிக்கு ஒன்றரை கிலோமீட்டர் ஓடுமாம். "நீங்க ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள அது நம்ம வாசல்லேர்ந்து தெருமுனைக்குப் போயிடும் அண்ணி"ன்னா. அதைப் பிடிக்க வினாடிக்குப் பத்து லட்சம் படம் எடுக்கிற கேமரா ஒண்ணை, ரெண்டு வருஷம் எழுதிக் கேட்டு, எங்கிருந்தோ ஒரு மாசத்துக்கு இரவல் வாங்கியிருந்தாங்க. கூடவே அதுக்கு ஒரு காவல் ஆள். கேமராக்காரர்னு சொல்லுவோம். குழந்தையை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வந்த அம்மா மாதிரி பக்கத்துலயே உட்கார்ந்திருப்பார், யாரும் தொடக் கூடாது.

ஒரு மாசத்துல முப்பத்தெட்டு கண்ணாடி உடைச்சா. முப்பத்தெட்டும் நேரா, நான் கடையில வெட்டின மாதிரி, இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரத்துக்கு ஒரே கோடு. ஒண்ணு கூடக் கிளை விடலை. வெட்டைச் சின்னதாப் போட்டுப் பாருங்கன்னு நடுவுல அஞ்சாறு கேட்டா, போட்டுக் குடுத்தேன். அதுல வெட்டை விட்டுட்டு வேற எங்கேயோ, கேமரா பார்க்காத இடத்துல உடைஞ்சு தொலைச்சுச்சு. திரும்பப் பழைய ரெண்டு மில்லிமீட்டருக்கே வந்துட்டா. அவ பேராசிரியர், அமைதியான மனுஷன், எது சொன்னாலும் "பார்ப்போம்"னு முடிக்கிறவர், அவரே கடைசியில பார்ப்போம் போடாம சொல்லிட்டார்: கிளை பிரியற படம் இல்லைன்னா ஆய்வு முழுசாகாது, முழுசாகாததை மாசக் கடைசிக்குள்ள குடுக்க முடியாது.

மாசக் கடைசிதான் கழுத்துல கத்தி. ரொம்பத் தூரத்துல ஒரு ஊர்ல அவளுக்கு வாத்தியார் வேலை கிடைச்சிருந்துச்சு. மாசக் கடைசிக்குள்ள ஆய்வைக் குடுத்துட்டேன்னு காகிதம் காட்டினாத்தான் வேலை. இல்லைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. கேமராவோ அதுக்கு நாலு நாள் முன்னாடியே ஒரு சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பெட்டியில ஏறிடும். அந்த நாளும் வந்துடுச்சு. மீதி இருந்தது மூணு கண்ணாடி.

அந்தக் காலையில போயா நாங்க ரெண்டு பேரும் சண்டை போடணும்? போட்டோம்.

ஆரம்பிச்சது ஒரு ஈரத் துண்டுல. குளிச்சிட்டு வந்து நாற்காலி மேல போட்டிருந்தா. "நாற்காலி நனையுது"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன், சத்தியமா. "காயப் போட நேரமில்லை அண்ணி"ன்னா. "நேரமில்லாதவ எப்படி அரை மணி நேரம் குளிச்ச"ன்னேன். அங்கிருந்து முன் ரூம்ல அடைச்சு வச்சிருக்கிற கண்ணாடிச் சில்லுக்குப் போச்சு. அங்கிருந்து போன வருஷம் அவ காலேஜ்ல பேசினப்போ நான் பாதியில தூங்கினதுக்குப் போச்சு. இன்னொரு பக்கம், என் கல்யாணத்தன்னிக்கு அவ என் புடவை மேல காப்பி கொட்டினதுக்குப் போச்சு. அந்தச் சண்டை கிளை விட்டதைக் கேமரா வச்சுப் பிடிச்சிருந்தா அவ ஆய்வுக்குக் காலையிலேயே படம் கிடைச்சிருக்கும்.

என் வீட்டுக்காரர் காப்பி விவகாரம் வரைக்கும் கூட இருக்கலை. ஈரத் துண்டுன்னு காதுல விழுந்ததுமே அளவெடுக்கிற டேப்பைக் கையில எடுத்துட்டார். "ஒரு ஜன்னல் அளவெடுக்கணும், வந்துடுறேன்." கல்யாணமான நாள்லேர்ந்து எனக்கும் அவர் தங்கச்சிக்கும் சண்டைன்னா இந்த மனுஷன் எங்கேயோ போய் ஜன்னல் அளவெடுப்பார். இந்த ஊர்ல இருக்கிற ஜன்னலை எல்லாம் மூணு தடவை அளந்திருப்பார்.

விரிசலுக்கு ஒரு வேக வரம்பு இருக்குன்னு அவதான் ஒரு நாள் சில்லு பொறுக்கிக்கிட்டே சொன்னா. எவ்வளவு பலமா இழுத்தாலும் அந்த வரம்புக்கு மேல வேகம் ஏறாதாம். பலம் மிச்சமிருந்தா ரெண்டாப் பிரியுமாம். அதுவும் போதலைன்னா நாலு. கோபமும் அப்படித்தான்னு எனக்கு அப்பவே தெரியும். ஒரு வாய் எவ்வளவு வேகமாத்தான் பேசும்? அதுக்கு மேல போனா, பேசக் கூடாத பக்கம் திரும்பிடும்.

"நீ எப்போ டாக்டராகி, எப்போ என் ரூமைக் காலி பண்ணப் போற?"ன்னு கேட்டுட்டேன்.

மேஜை மேல ரெண்டு கண்ணாடி தயாரா இருந்துச்சு, அவ அதை எடுத்துத் தாள்ல சுத்தினா. மூணாவது வெட்டுப் போட்டிருந்தேன், ஆனா கழுவித் துடைக்கலை. "அதை மூணு மணிக்கு மேல கொண்டு வந்து குடுத்துடுங்க அண்ணி"ன்னு தரையைப் பார்த்துச் சொல்லிட்டு இறங்கிப் போயிட்டா. துண்டைக் கூடக் காயப் போட்டுட்டுத்தான் போனா. எனக்கு அதுதான் தாங்கலை.

கடையில வந்து உட்கார்ந்தா வேலை ஓடலை. மூணாவது கண்ணாடி என் முன்னாடி கிடந்துச்சு, சுத்தறதுக்கு வச்ச தாள்ல ஒரு சொட்டு ரத்தம். காலையில கண்ணாடியை எடுத்தப்போ இன்னொரு விரலும் கிழிச்சிருக்கும் போல. அந்த ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு. படிச்சவளாம் படிச்சவ! ஓரம் தேய்க்க வேண்டாமாம்! நான் என்ன தொழில் பண்றேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா? கடைசிக் கண்ணாடியாவது அவ கையைக் கிழிக்காம இருக்கட்டும்னு தண்ணி விட்டுத் தேய்க்கிற மெஷினைப் போட்டேன்.

தேய்ச்சேன். மனசு பூரா "ரூமைக் காலி பண்ணு"தான் ஓடிக்கிட்டிருந்துச்சு, கை அது பாட்டுக்கு வேலை செஞ்சுச்சு. ஒரு ஓரம் முடிச்சு மறு ஓரம். அதுக்கப்புறம் நைசா இன்னொரு தடவை. கன்னத்துல வச்சுத் தேய்ச்சாலும் கீறாது, அப்படி ஒரு வழவழப்பு. அந்த மாதிரி ஓரம் நான் வருஷத்துக்கு ஒண்ணு கூடப் பண்ணதில்லை. மன்னிப்புக் கேக்க வாய் வராதவ இப்படித்தான் கேப்பா போல. பொட்டலம் கட்டி எடுத்துக்கிட்டு மூணரைக்கு லேப்புக்குப் போனேன்.

லேப்புன்னா பெரிசா ஒண்ணும் இல்லை. ஜன்னல் இல்லாத ஒரு ரூம், கதவு நிலை மாதிரி ஒரு மெஷின், அதுக்கு முன்னாடி கெட்டி பிளாஸ்டிக் தடுப்பு, அடுப்பு மாதிரி சுடுற ரெண்டு விளக்கு. மேஜைக்கு அடியில ஒரு வாளி, அதுல இது வரைக்கும் உடைஞ்ச கண்ணாடியோட பாதிப் பாதித் துண்டெல்லாம். பேராசிரியர் ஒரு ஓரமா நின்னார். கேமராக்காரர் காலிப் பெட்டியை மடியில திறந்து வச்சுக்கிட்டு, வாட்சைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

முப்பத்தொன்பதும் நேரா. நாப்பதும் நேரா. அவ முகத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு, யாரும் சொல்லலை.

பொட்டலத்தை வாங்கிப் பிரிச்சா. கண்ணாடியை விளக்குக்கு நேரா பிடிச்சா. திருப்பிப் பிடிச்சா. ஓரத்துல விரலை ஓட்டிப் பார்த்தா.

"அண்ணி, வெட்டு எங்க?"

"எந்த வெட்டு?"

கேட்ட வாயை மூடுறதுக்குள்ள எனக்கே புரிஞ்சுடுச்சு. பதினாறு வருஷமா ஓரத்துல ஒரு பிசிறு, ஒரு பள்ளம் கண்ணுல பட்டா அது போற வரைக்கும் தேய்க்கிற கை இது. அவளுக்கு வேண்டிய ஒரே ஒரு விஷயம் அந்த ரெண்டு மில்லிமீட்டர் பள்ளம். அதைத்தான் அத்தனை ஆசையாத் தேய்ச்சு எடுத்திருக்கேன்.

"தேய்ச்சுட்டேன்"னேன்.

"எதை?"

"வெட்டை."

பேராசிரியர் வாயைத் திறந்து "பார்ப்..."னார், மிச்சத்தை முழுங்கிட்டார். பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு அவருக்கே புரிஞ்சிருக்கும். மணி நாலாகப் போகுது. அந்தப் பள்ளத்தைப் போடவே ஒரு மணி நேரம் பிடிக்கும். கடைக்குப் போய், புதுசா வெட்டி, எல்லாம் முடிச்சு எடுத்துட்டு வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும்.

அவ திட்டியிருந்தா நான் தாங்கியிருப்பேன். ரெண்டு அடி அடிச்சிருந்தாலும் சரிதான். ஸ்டூல்ல உட்கார்ந்து, ரொம்ப மெதுவா, "விடுங்க அண்ணி. ரூமை நான் எப்படியும் காலி பண்ணிடுறேன்"னா.

எனக்கு வந்துச்சே ஒரு கோபம்! அவ மேலயா, என் மேலயா, அந்த வாட்சையே பார்த்துக்கிட்டிருந்த மனுஷன் மேலயான்னு தெரியலை. கைப்பையைத் திறந்தேன். மத்தவங்க பையில சீப்பு இருக்கும், என் பையில கட்டர் இருக்கும்.

"எங்க வேணும் சொல்லு. கீறிக் குடுக்கிறேன்."

"அண்ணி, கட்டர் கீறல் முடி ஆழம் கூட இருக்காது. சின்ன வெட்டெல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. அதை விட்டுட்டு வேற எங்கேயோதான் உடையும்."

"வேற எங்க உடையும்?"

"ஓரத்துல எங்கேயாவது."

"எங்கேயாவதுன்னா எங்க? ஓரம் பல்லுப் பல்லா இருந்தா, எந்தப் பல்லு பெரிசோ அங்க உடையும். கண்ணாடிக் கடையில வேலைக்குச் சேர்ந்த மறுநாளே யாருக்கும் தெரியுமே இது! இந்த ஓரத்துல பல்லு எங்கடி இருக்கு? காட்டு பார்ப்போம்!"

அவ மறுபடி விரலை ஓட்டினா, இந்தத் தடவை மெதுவா, முழு நீளத்துக்கும். அப்புறம் மறு ஓரம். விரல் எங்கேயும் மாட்டாம வழுக்கிக்கிட்டே போச்சு. நிமிர்ந்து பேராசிரியரைப் பார்த்தா. அவரும் கிட்ட வந்து விரலை ஓட்டிப் பார்த்தார். ஆறு வருஷத்துல அந்த மனுஷன் கண் அவ்வளவு பெரிசா விரிஞ்சு நான் பார்த்ததில்லை.

"நாம கேக்காம விட்டது இதைத்தான். வேற பல்லு இல்லைன்னா கீறல்லதான் உடையும், அத்தனை சின்னக் கீறல் உடைய எக்கச்சக்கப் பலம் ஏத்தணும், அப்போ கிளை விடும்"னார்.

"அண்ணி, கீறுங்க! நடுவுல, இங்க! மெதுவா!"

"எனக்குக் கீறக் கத்துக் குடுக்கிறியா? தள்ளு."

கண்ணுக்கே தெரியாத ஒரு கீறல் வச்சேன். மெஷின்ல மாட்டினா. கையால பொத்தானை அமுக்கி அந்த வேகத்தைப் பிடிக்க முடியாது. அதனால கண்ணாடி மேல ஒரு மெல்லிசு வெள்ளிக் கோடு வரைஞ்சா. விரிசல் அதை அறுத்ததும் கேமராவுக்குத் தானே தகவல் போயிடும். எல்லாரும் தடுப்புக்குப் பின்னாடி நின்னோம். மெஷின் இழுக்க ஆரம்பிச்சுச்சு, கிலோ கணக்கு திரையில ஏறுச்சு.

வழக்கமா நூத்தி இருபது, நூத்தி முப்பதுல டிக்குனு உடைஞ்சிடுமாம். நூத்தி முப்பது வந்துச்சு, போச்சு. இருநூறு. பேராசிரியர் ஒரு அடி பின்னாடி வச்சார். முந்நூறு. "மெஷின் தாங்குமா?"ன்னு கேமராக்காரர் பெட்டியை மூடிக்கிட்டே கேட்டார். நானூறு. மூணு மில்லிமீட்டர் கனத்துல ஒரு கண்ணாடி, எங்க தெருவுல பாதி ஜனத்தைத் தொங்க விட்டா எவ்வளவோ அவ்வளவையும் தாங்கிக்கிட்டு அசையாம நிக்குது. என் ஓரம்டா அதுன்னு கத்தணும் போல இருந்துச்சு. ஐந்நூறு. அறுநூறு. குட்டி என் கையைப் பிடிச்சா. பிளாஸ்திரி எல்லாம் உறுத்துச்சு. அறுநூத்தி எழுபதுல...

டமார்!

டிக்கெல்லாம் இல்லை. தடுப்பு மேல சில்லு மழை மாதிரி அடிச்சுச்சு. நான் கண்ணைத் திறந்தப்போ பேராசிரியர் மேஜைக்கு அடியில வாளிக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தார். கேமராக்காரர் கேமரா மேலேயே கவிழ்ந்து கிடந்தார். மெஷின் வாயில ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னத் துண்டு, நடுவுல ஒண்ணுமே இல்லை.

குட்டி ஓடிப்போய்ப் படத்தைப் போட்டா. முதல் படத்துல ஒண்ணும் இல்லை. ரெண்டாவதுல ஓரத்துல ஒரு முடி. மூணாவதுல முடி கொஞ்சம் நீளம். நாலாவதுல அது ரெண்டு. அப்புறம் நாலு, ஏழு, எண்ண முடியலை. கடைசிப் படத்துல விரிச்சு வச்ச துடைப்பம் மாதிரி கண்ணாடி பூரா. முப்பது சொச்சம் படம், எல்லாம் ஒரு கண் சிமிட்டலுக்குள்ள அடக்கம்.

அவ திரும்பி என்னைக் கட்டிப் பிடிச்சா பாருங்க, மூச்சு முட்டிடுச்சு.

பேராசிரியர் மேஜைக்கு அடியிலேர்ந்து வெளியில வந்து, சட்டையைத் தட்டிக்கிட்டு, "ரொம்ப அருமை. ஆனா ஒரு தடவை நடந்தா அது தற்செயல்னு சொல்லிடுவாங்க"னார்.

"எத்தனை தடவை நடந்தா தற்செயல் இல்லை?"ன்னு கேட்டேன். கேட்ட குரல்ல ஒரு அடி பின்னாடி போயிட்டார்.

"நாலு இருந்தா... பார்ப்போம்."

மணி நாலு பத்து. கண்ணாடி ஒண்ணும் இல்லை. நான் வாளியைப் பார்த்தேன். நேரா உடைஞ்ச கண்ணாடின்னா என்ன? அழகா வெட்டின ரெண்டு பாதி. ஒரு மாசமா அவ தோல்வின்னு நினைச்சு வாளியில போட்டதெல்லாம் எனக்கு நல்ல சரக்கு. நீளம் கம்மி, அவ்வளவுதானே. "மெஷின் இதைக் கவ்வுமா?"ன்னேன். "கவ்வும் அண்ணி, கவ்வ வைப்பேன்"னா.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "ஏங்க, கடையில இருக்கிற தேய்க்கிற தாள் எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு லேப்புக்கு வாங்க. ஓடி வாங்க." பத்தே நிமிஷத்துல மூச்சு வாங்க வந்து நின்னார், ஒரு கையில தாள், இன்னொரு கையில டேப். நாங்க சண்டை போடுறோமா இல்லையான்னு ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "உட்காருங்க, தேய்ங்க"ன்னேன். உட்கார்ந்துட்டார்.

தரையில மூணு பேரும் வட்டமா உட்கார்ந்து தேய்ச்சோம். தண்ணி ஊத்த ஆள் வேணும்னு சுத்திப் பார்த்தேன். பேராசிரியர் பாட்டிலை எடுத்துக்கிட்டு வந்து குனிஞ்சு ஊத்தினார். ரெண்டாவது நாலரைக்கு உடைஞ்சுச்சு, கிளை விட்டுச்சு. மூணாவது நாலே முக்காலுக்கு, அதுவும் விட்டுச்சு. நாலாவது தேய்ச்சு முடிக்கிறப்போ மணி அஞ்சாக ரெண்டு நிமிஷம். நான் கேமராக்காரரைப் பார்த்தேன். அவர் வாட்சைப் பார்த்தார். அப்புறம் வாட்சைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, "என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க, மாட்டுங்கம்மா சீக்கிரம்!"னார்.

நாலாவது அன்னிக்கு இருந்ததுலயே அழகாப் பிரிஞ்சுச்சு. என் வீட்டுக்காரர் தேய்ச்ச ஓரம் அது. அதை அவர் இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறார்.

வீட்டுக்கு நடந்து வரப்போ அவர் வேணும்னே முன்னாடி போயிட்டார். நான் சொல்லிட்டேன்: "காலையில சொன்னது தப்புடி."

"எது அண்ணி? ஆரம்பிச்சதா, முடிச்சதா?"

"ஈரத் துண்டு தப்பில்லை. ரூம் தப்பு."

"சரி"ன்னா. கொஞ்ச தூரம் போனதும், "காப்பி வேணும்னேதான் கொட்டினேன் அண்ணி. அண்ணனை நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னு கோபம்"னா. பதினாறு வருஷமா எனக்கு அந்தச் சந்தேகம் இருந்துச்சு.

ஆய்வைக் குடுத்துட்டா. வேலை உறுதியாச்சு, பட்டம் பின்னாடி வந்துச்சு. ஆய்வுப் புத்தகத்தோட நன்றிப் பக்கத்துல முதல்ல பேராசிரியர், ரெண்டாவது கேமரா, மூணாவது "ஓரங்களைத் தேய்த்துக் கொடுத்த என் அண்ணி". கேமராவுக்கு அப்புறம்தான் நானான்னு ஒரு வாரம் அவகிட்ட முறைச்சுக்கிட்டிருந்தேன். முறைக்கிறதுக்கு அந்த ஒரு வாரம்தான் மிச்சம் இருந்துச்சு. ஒரு வெள்ளிக்கிழமை ரெண்டு பெட்டியோட ரயில் ஏறிட்டா.

முன் ரூம் காலி. நான் ஆசைப்பட்ட மாதிரியே அங்க ஒரு சோபா வாங்கிப் போட்டோம். அதுல உட்கார்ந்தா எனக்கு முதுகு வலிக்குது. சாப்பாட்டு மேஜையும் எங்களுக்கே எங்களுக்கு. எதிரும் புதிருமா உட்கார்ந்து நாகரிகமாச் சாப்பிடறோம், பேச ஒண்ணும் இருக்கிறதில்லை.

போன வாரம் அவர் கை பட்டு ஒரு டம்ளர் கீழ விழுந்துச்சு. அவர் நேரா துடைப்பத்துக்குப் போனார். ஒரு சத்தம் வந்துச்சு:

"பெருக்காதீங்க! எங்க ஆரம்பிச்சதுன்னு பார்க்கணும்!"

என் வாய்லேர்ந்துதான் வந்துச்சு. ரெண்டு பேரும் முன் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தோம். அவர் கண்ணு கலங்கிடுச்சு. ஆணியில அளவெடுக்கிற டேப் தொங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு, ஆனா மனுஷன் அதை எடுக்கலை. துடைப்பத்தைச் சாத்தி வச்சுட்டு, டார்ச்சை எடுத்துக்கிட்டு வந்து, என் பக்கத்துல முட்டி போட்டு உட்கார்ந்தார்.

சில்லெல்லாம் இப்போ மேஜை மேல இருக்கு. முக்கால்வாசி ஒட்டியாச்சு. நேத்து போன்ல, எங்க ஆரம்பிச்சிருக்கு, எத்தனை கிளைன்னு அவ கேட்டா. அடிப்பக்கம், ஆறுன்னு சொன்னேன். "இன்னொரு தடவை எண்ணுங்க அண்ணி"ன்னா. ஒரு வாரமாத் தரையில உட்கார்ந்துதான் சாப்பிடறோம்.